நீலம் பூசிய சூரியன்

ஜூட்,

கடிதம் என்றால் சுகம் விசாரித்துத் தொடங்க வேண்டும். இன்றைக்கு உன் சுகத்தை விசாரிக்க எனக்கு மனமில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். பொய்யைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை. அடுத்த வாரம் ஹட்டனில் நடக்கிற கண்காட்சியில் நம்முடைய இரண்டு சூரியன்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கப் போகின்றன. இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் நீலம், இரண்டுக்கும் கீழே என் பெயர். “இந்தப் படம் எடுத்த கதைய ஒரு பக்கம் எழுதித் தாங்க டீச்சர், கீழ ஒட்டிருவோம்” என்று கண்காட்சி நடத்துகிறவர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது. அடங்காவிட்டால் என்ன, சுவரில் இடமிருக்கிறது. இதுதான் அந்தக் கதை. உனக்குத்தான் எழுதுகிறேன், ஊரும் படிக்கட்டும்.

நீ செய்தது உனக்குத் தெரியும். ஊருக்கும் தெரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஓய்வுபெற்ற பெண்கள் பூக்கன்று வைப்பார்கள், கோயில் சங்கத்தில் சேருவார்கள். நான் சூரியனைப் படம் பிடிக்கக் கிளம்பினேன். சும்மா கமராவில் பிடிப்பதல்ல. வெயிலை முடியளவு பிளவு ஒன்றின் வழியாக உள்ளே விட்டு, அதை வானவில்லாக விரித்து, அந்த வானவில்லுக்குள் இருக்கிற கறுப்புக் கோடுகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அந்தக் கோட்டின் வெளிச்சத்தில் மட்டும் சூரியனைப் பார்க்கிற வேலை. சிவப்புப் பக்கத்தில் ஐதரசனுக்கு ஒரு கோடு உண்டு, அதற்கு அல்பா என்று பெயர். நீலப் பக்கத்தில் இன்னொன்று உண்டு, அது பீற்றா. வாயு ஒன்றுதான், ஆனால் காட்டுகிற முகம் வேறு. அல்பாவில் சூரியனின் விளிம்பில் நெருப்பு நாக்குகள் பளிச்சென்று எழும்பி நிற்கும். பீற்றாவில் அதே நாக்குகள் மங்கி அடங்கிக் கிடக்கும். கமரா இரண்டையும் கறுப்பு வெள்ளையில்தான் பிடிக்கும். சிவப்பும் நீலமும் பிறகு கணினியில் பூசுவது. பூசுவதில் பொய் ஒன்றுமில்லை, இந்தப் பைத்தியம் பிடித்த எல்லோரும் செய்வதுதான், எது எந்தக் கோடு என்று பார்க்கிறவனுக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். பொய் எங்கே என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் கருவியின் பிளாஸ்டிக் உடம்பைக் கொழும்பில் முப்பரிமாண இயந்திரத்தில் அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தவன் நீ. அதை நான் மறைக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மேலே நம் வீட்டு முற்றத்தில் முதன்முதலாக அதைத் தொலைநோக்கியில் பூட்டி நிறுத்திய அன்றைக்குத் தோட்டக் காவல் பார்க்கிற வாச்சர் வேலியோரம் நின்று, “என்னங்க டீச்சர் இது, துவக்கா?” என்று கேட்டார். “ஆமா, சூரியன சுடப்போறேன்” என்றேன். மனுசன் நேரே மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் போய்ச் சொல்ல, ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்த கையோடு அவரும் வந்து நின்றார். திரையில் நெருப்பு நாக்கைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “மழ எப்ப வரும்னு இதுல தெரியுமாங்க?” என்று கேட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்கு நீ என் மகன் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதனால்தான் இப்போது வயிறு எரிகிறது.

தை மாதத்து அந்தக் காலையை நான் ஒன்றுவிடாமல் சொல்ல முடியும். சூரியன் சவுக்கு மரங்களுக்கு மேலே வர ஏழரை தாண்டும். பத்தரைக்குள் கீழே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து கதவைச் சாத்திவிடும். அந்த இடைவெளிக்குள்தான் எல்லாம். முதலில் அல்பா. அல்பாவுக்குக் குவியம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நான்கு வருடத்துக்கு முன்பே நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டும் வைக்கலாம். தொலைநோக்கியைச் சூரியனோடு நகர்த்துகிற மோட்டாரை நிறுத்தினால் சூரியன் தானாக நகர்ந்து இரண்டு நிமிடத்தில் பிளவைக் கடந்துவிடும், கமரா அதைக் கீற்றுக் கீற்றாகப் பிடிக்கும், பிறகு கணினி கீற்றுகளை ஒட்டி முழுச் சூரியனாக்கும். அன்றைக்கு அல்பா எடுத்து முடித்த பிறகுதான் கவனித்தேன், பிளவில் ஒரு தூசி. பிளவில் தூசி உட்கார்ந்தால் படத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடும், சட்டையில் நூல் இழுபட்ட மாதிரி. ரப்பர் குமிழால் இரண்டு தரம் ஊதினேன், போய்விட்டது. அதற்குப் பிறகுதான் உள்ளே வானவில்லை விரிக்கிற தகட்டின் சாய்வை மாற்றிப் பீற்றாவுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. பீற்றாவுக்குக் குவியம் வேறு இடத்தில், அதற்குப் புள்ளி இல்லை, திரையைப் பார்த்துக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். திருகினேன், பார்த்தேன், திரும்பவும் திருகினேன். கோடுகள் கூராக நிற்கின்றன என்று நினைத்தேன். நான்கு தரம் ஓடவிட்டேன். பனி வந்தது. கொழும்புக்கு ரயிலேறின பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் எல்லாவற்றின் பிரதியையும் பென்டிரைவில் உனக்குக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் நீ படங்களை அனுப்பினாய். “கலக்கிட்டீங்கம்மா!” என்றாய். நீலச் சூரியனைப் பார்த்து நான் அழுதேன், தெரியுமா? அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவர்களைப் பிடித்துப் பிடித்துக் காட்டினேன். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பினேன். மலையிலே தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூட, “டீச்சரு, நீல சூரியன காட்டுங்க” என்று வேலியோரம் வந்தார்கள். அறுபத்தொரு வயதில் ஒருத்தி தலைகால் தெரியாமல் ஆடினாள். நீ அதைக் கேட்டுக்கொண்டு கொழும்பில் சும்மா இருந்தாய்.

கண்காட்சிக்கு அச்சிட்ட பெரிய படங்கள் போன கிழமை பஸ்ஸில் வந்தன. கட்டிலில் இரண்டையும் விரித்து வைத்தேன். மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தால்தான் இப்போது எனக்கு எதுவும் தெரிகிறது, அப்படித்தான் குனிந்து பார்த்தேன். சிவப்புச் சூரியனில் இடது பக்கத்து நீண்ட நாக்குக்குக் கீழே அந்தத் தூசிக் கோடு, நீ அழித்தும் அழியாமல், மெல்லிதாக. சரி, அது இருக்க வேண்டியதுதான். நீலச் சூரியனுக்கு வந்தேன். அதே நாக்கு, அதே உயரம், அதே பளிச்சு. விரலை வைத்துக் கீழே இறக்கினேன். அதே கோடு, அதே இடத்தில்! நான் ஊதித் தள்ளிய தூசி திரும்பி வந்து அதே மயிரிழையில் உட்காருமா? என் பீற்றாவை நீ குப்பையில் போட்டுவிட்டு, என் அல்பாவுக்கு நீலம் பூசி, அதைப் பீற்றா என்று எனக்கே அனுப்பியிருக்கிறாய். சோப்பு விளம்பரத்தில் பெண்பிள்ளைகளின் முகத்தை வெள்ளையாக்குவது உன் தொழில். அதை உன் கந்தோர் வேலையோடு வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

அன்றைக்கே போன் எடுத்தேன். நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன், மாற்றிச் சொன்னேன் என்று நாளைக்குச் சொல்லாதே.

“பீற்றா எங்கடா?”

“எந்த பீற்றாம்மா?”

“நடிக்காத. தூசி கோடு ரெண்டுலயும் இருக்கு.”

“அம்மா, அது சரியா வரலம்மா. நாலுமே மங்கல். குவியம் பிடிக்கல. உங்களுக்கு எப்பிடி சொல்றதுன்னு தெரியல.”

“மங்கல்னு சொல்றது. நாலே எழுத்து, அத சொல்ல வாய் வரலயா?”

“யாருக்கும்மா வித்தியாசம் தெரியப் போகுது? நம்ம ஆளுங்களுக்கு நீலமா ஒரு சூரியன் இருந்தா காணும், அதுவே போதும். ஏன் இத பெருசு பண்றீங்க?”

போனை வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா வாசலில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார், தலையே நிமிராமல். அந்த மனுசன் தலை நிமிராவிட்டால் எனக்குத் தெரியாதா? “உங்களுக்கும் தெரியுமா?” என்றேன். “புள்ள என்கிட்டதான் மொதல்ல கேட்டான்” என்றார். “ஒனக்கு கண்ணுல பொரை விழுந்துருக்கு. சோத்துல கல்லு பொறுக்க முடியல, ரோட்டுல ஆள அடையாளம் தெரியல. நாந்தான் சொன்னேன், அவகிட்ட சொல்லிறாத, அவ ஒடஞ்சி போயிருவான்னு.” முப்பத்தைந்து வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவர் நான் உடைந்துபோவேன் என்று கண்டுபிடித்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி அவர் தானே சோறு போட்டுச் சாப்பிட்டார்.

ஆமாம், என் கண்ணில் புரை. எனக்குத் தெரியும். நகப்பூச்சுப் புள்ளி இருந்ததால் அல்பா தப்பியது, என் கண்ணை நம்ப வேண்டி வந்த இடத்தில் பீற்றா போனது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எனக்குக் கோபம் என் கண்ணின் மேலேயும் இல்லை, மங்கின படத்தின் மேலேயும் இல்லை. ‘காணும்’ என்றாயே, அந்த ஒரு சொல்லின் மேலேதான். அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் வகுப்புப் பிள்ளைகள் தகரத்திலும் மூங்கிலிலும் நீர்ச்சில்லு ஒன்று செய்தார்கள். அது சுற்றவில்லை. எங்கே பிழை என்று கண்டுபிடிக்க ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அதை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இனிக்க இனிக்கச் சிரித்து, “இது காணும் டீச்சர், தோட்டத்துப் புள்ளைகதானே” என்றார். திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை மன்னிக்கவில்லை. பிள்ளைகள் அதற்குப் பிறகு அந்தச் சில்லைத் தொடவே இல்லை. சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆனபின் எவன் தொடுவான்? லயத்தில் பிறந்து, அந்தச் சிரிப்பைத் துடைத்தெறியவே முப்பது வருடம் பாடம் நடத்தினேன். கடைசியில் அதே சிரிப்பை என் வயிற்றில் பிறந்தவன் கொழும்பிலிருந்து எனக்கே அனுப்புகிறான்.

புத்தி சொல்வது பெற்றவள் உரிமை, கேட்டுக்கொள். ஒருவர் மேல் இரக்கம் வந்தால் முதலில் அவரிடம் கேள். “அம்மா, மங்கலா இருக்கு, கண்ண காட்டுவோமா, திரும்ப எடுப்போமா?” என்று கேட்டிருந்தால் நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். மூன்றாம் நாள் கிளினிக்குக்குப் போயிருப்பேன். நீங்கள் இரண்டு ஆண்களும் கூடிப் பேசி என்னைப் பொய்க்காரியாக்கி, அதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள். தோட்டத்திலிருந்து ஒருத்தி எடுத்த படம் என்று பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். இது பொய் என்று நாளைக்கு யாரோ ஒருவன் கண்டுபிடித்தால், சிவப்புச் சூரியனையும் சேர்த்துத்தான் காறித் துப்புவான். உண்மையாக எடுத்ததும் அதோடு போய்ச்சேரும். அதை நீ யோசித்தாயா?

இனி என் பங்கு. நீ அதைப் போனில் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என்னை நோகடிக்க மனம் வராமலோ, எனக்கு இன்னும் பயந்தோ, தெரியாது. நானே சொல்கிறேன், சபையறிய.

நீ ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போது சூரியப் புள்ளிகளை முப்பது நாள் தொடர்ந்து வரைந்தாய். பைனாகுலரின் ஒரு பக்கத்தை மூடி, வெள்ளைத் தாளில் சூரியனை விழவைத்து, புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே பென்சிலால் குத்துவாய். அப்போது நாம் கந்தப்பளையில் இருந்தோம். முப்பது நாளில் பதினொரு நாள் பனி. அந்தப் பதினொரு தாள்களிலும் வட்டத்தை மட்டும் போட்டு, உள்ளே ‘தெரியவில்லை’ என்று அழகாக எழுதி வைத்திருந்தாய். வலய மட்டக் கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நீ குளிக்கப் போன நேரத்தில், நான் அந்தப் பதினொன்றிலும் இருந்த அந்தச் சொல்லை அழித்தேன். சூரியன் ஒரு நாளைக்கு எவ்வளவு சுழலும் என்று எனக்குத் தெரியுமே, முன்நாளையும் பின்நாளையும் பார்த்து இடையில் புள்ளிகளைக் குத்தினேன். உன் கையெழுத்து மாதிரியே திகதி போட்டேன். மற்றப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு முன்னால் என் பிள்ளையின் கொப்பி வெறும் வட்டங்களோடு நிற்கக் கூடாது என்று நினைத்தேன். கந்தப்பளையில் முப்பது நாளும் சூரியன் தெரிந்தது என்றால் மாடும் சிரிக்கும். நடுவர்கள் சிரிக்கவில்லை. ஒரு நாளும் தவறாத உழைப்பு என்று பாராட்டி முதலிடம் கொடுத்தார்கள். நீ மேடையில் சான்றிதழை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்து நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பென்சிலையும் சூரியனையும் நீ தொடவே இல்லை. நான் உன்னைச் சோம்பேறி என்று திட்டினேன். படிக்கிற பிள்ளைக்கு ஒன்றிலும் பிடிப்பில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே திட்டினேன். மன்னித்துக்கொள் என்று உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். அந்தப் பதினொரு நாளும் நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் ஒன்று. நான் அன்றைக்குச் செய்ததால் நீ இன்றைக்குச் செய்ததற்குச் சலுகை கிடைக்காது. எனக்குப் பதின்மூன்று வயது மகனின் கண்ணைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் போனது. உனக்கு முப்பது வயதாகிறது, என் கண்ணோ சரியாகத் தெரிவதும் இல்லை, என்னைப் பார்த்துச் சொல்ல உனக்கு என்ன கேடு?

இப்போது நீ செய்ய வேண்டியது. அந்த நீலப் படத்தைச் சுவரில் மாட்டாதே. நான் அனுப்பிய நான்கில் எது குறைவான மங்கலோ அதை எடு. கூராக்காதே, விளிம்பைத் தீட்டாதே, நாக்கு முளைக்கவைக்காதே. நீலம் பூசலாம், அதற்கு மட்டும் அனுமதி. அதே அளவில் அச்சிட்டு அதன் இடத்தில் மாட்டு. கீழே, ‘ஐதரசன் பீற்றா, முதல் முயற்சி, குவியம் பிழை’ என்று எழுதி என் பெயரைப் போடு. அப்பாவைக் கெஞ்சி, நம் வீட்டுக் கணினியில் மிச்சமிருந்ததை அவர் கையாலேயே திறக்கவைத்து நானும் பார்த்தேன். அரிசிமாவுக் களி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நடுவில் சாய்வாக ஒரு கறுப்பு இழை ஓடுகிறது, அல்பாவில் தெரிந்ததைவிட மெல்லிதாக. அது பீற்றா. அது உண்மையிலேயே பீற்றா, ஜூட்! நீ அதைக் குப்பையில் போட்டுவிட்டாய்.

கண் ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்கள். நானே தனியாகப் போய்க் கேட்டு வாங்கிய திகதி. அதுவரைக்கும் எழுத்து எனக்குப் பூச்சி ஊர்கிற மாதிரித்தான் தெரியும். இதையும் குண்டு குண்டாக, கொப்பி முழுக்க, வரி எங்கே போகிறது என்று தெரியாமல்தான் எழுதியிருக்கிறேன். இதைத் தட்டச்சு செய்து, அச்சிட்டு, மண்டபத்தில் கொண்டுபோய் ஒட்டப் போகிறவன் நீ. உனக்கு வெட்கமான இடங்கள் இருக்கின்றன, அதைவிட எனக்கு வெட்கமான இடங்கள் இருக்கின்றன. இரண்டையும் எடுத்துவிட்டு, பனி, வாச்சர், நெருப்பு நாக்கு என்று அழகாக ஒரு பக்கம் ஒட்டினால் எல்லோருக்கும் பிடிக்கும். உன் அப்பாவும் அப்படித்தான் செய்யச் சொல்வார். நான் அன்றைக்கு வருவேன். இந்தப் பக்கங்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். நீ என்ன ஒட்டியிருக்கிறாய் என்று என்னால் வாசிக்க முடியாது. வேறு யாரிடமும் வாசித்துக் காட்டச் சொல்லவும் மாட்டேன்.

அம்மா